குணமறிந்து இறைத்தல்

 

ஒயின் ஆலையில் திரவங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்ல எவ்விதமான பம்புகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். மதுவைப் பற்றிப் பேச இவருக்கு இந்த மேடைதானா கிடைத்தது என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர் நினைக்கக்கூடும். குடிப்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை. இறைப்பதைப் பற்றி மட்டுமே சொல்லப்போகிறேன். கிணற்று நீரை இறைக்கும் பம்புகளைச் செய்து நாடெங்கும் அனுப்பிவைக்கும் இந்தக் கோயம்புத்தூரில், இறைப்பதைப் பற்றிப் பேசுவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

நமக்குப் பழக்கமான பம்பு எது? நீர் இறைக்கும் பம்பு. அதை வாங்கப் போகிறவர் என்ன கேட்கிறார்? எத்தனை குதிரைசக்தி, எத்தனை அடி ஆழம், மணிக்கு எத்தனை லிட்டர் என்று கேட்கிறார். அந்தக் கேள்விகள் நியாயமானவை. ஏனெனில் தண்ணீர் பொறுமையே உருவானது. அதை எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும், எவ்வளவு முரட்டுத்தனமாக அடித்துத் தள்ளினாலும், வாய்க்காலில் விழும்போது அது கிணற்றில் இருந்த அதே தண்ணீராகவே இருக்கிறது. ஆனால் பம்புக்குள் நுழையும்போது ஒரு பொருளாகவும் வெளிவரும்போது வேறொரு பொருளாகவும் மாறிவிடக்கூடிய திரவம் ஒன்று இருக்குமானால், அதற்குப் பம்பு வாங்குகிறவர் குதிரைசக்தியைக் கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்டாக வேண்டும். இந்த யந்திரம் என் திரவத்தை எப்படி நடத்தும்? இதுதான் அந்தக் கேள்வி. இன்று நான் சொல்லவிருப்பதெல்லாம் இந்த ஒரு கேள்வியின் விரிவுரையே.

ஒயினுக்குத் தாயகம் என்று உலகம் கொண்டாடும் பிரதேசங்களில் ஒன்றான பிரான்ஸ் தேசத்துப் போர்தோவுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். அங்கே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடை. செந்நிற ஒயினுக்குரிய கருந்திராட்சைக் குலைகள் ஆலைக்கு வந்து சேர்கின்றன. காம்பு நீக்கும் யந்திரம் காம்புகளை ஒதுக்கிவிட்டு, பழங்களை இலேசாக நசுக்கிக் கொடுக்கிறது. இப்பொழுது கிடைப்பது சாறு என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. சாறும் தோலும் விதையும் முழுப்பழமும் ஒன்றாய்க் கலந்த, கனத்த, வழுவழுப்பான ஒரு கூழ். இந்தக் கூழைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். முதல் சோதனை இங்கேதான் தொடங்குகிறது.

நம் வயல்களில் ஓடும் சென்ட்ரிபியூகல் பம்பையே இதற்கும் வைத்தால் என்ன? அது பெருமை வாய்ந்த யந்திரம்தான். 1851-ஆம் வருஷம் லண்டனில் நடந்த மகா பொருட்காட்சியில், ஜான் அப்போல்ட் என்ற ஆங்கிலேயர், வளைந்த இதழ்களையுடைய இம்பெல்லர் என்னும் சக்கரத்தைச் சுழலவிட்டு, நேர் இதழ்களைக் காட்டிலும் அது எத்தனை திறமையாக நீரை ஏற்றுகிறது என்பதைக் கண்முன் காட்டினார். அதன் பிறகு அந்த இனத்துப் பம்பு உலகெங்கும் பரவியது. ஆனால் ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள இம்பெல்லர் நிமிஷத்துக்கு 2880 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ இருபத்திரண்டரை மீட்டர் ஓடுகிறது. அதாவது மணிக்குச் சுமார் எண்பது கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஓடும் உலோக இதழின் மேல் ஒரு திராட்சைத் தோல் மோதினால் என்ன ஆகும்? தோல் கிழிந்து நூல்நூலாகப் போகும். அந்த நார்த்துணுக்குகள் பின்னால் அடங்காத மண்டியாய்த் திரண்டு நிற்கும். விதை மோதினால் என்ன ஆகும்? விதை உடைந்து, அதனுள் அடங்கியிருந்த கசப்பும் முரட்டுத் துவர்ப்பும் சாற்றில் இறங்கிவிடும். அந்தக் கசப்பை மறுபடியும் பிரித்தெடுத்து விதைக்குள் வைத்து மூடுவதற்கு எந்த நிபுணராலும் இயலாது. பத்து நிமிஷ இறைப்பில் ஒரு வருஷத்து விளைச்சலின் சுவை கெட்டுவிடுகிறது.

ஆகவே கூழுக்கு வேண்டியது வேறு ஜாதி யந்திரம். அடித்துத் தள்ளாமல், அளவாக எடுத்து, பக்குவமாகச் சுமந்து, மறுமுனையில் இறக்கிவைக்கும் யந்திரம். அப்படிப்பட்ட ஒன்றைப் பிரான்ஸ் தேசத்தவரான ரெனே முவானோ என்பவரே கண்டுபிடித்தார் என்பது இந்தக் கதைக்கு மிகவும் பொருத்தமாக அமைந்துவிட்டது. அவர் விமானத் துறையில் ஈடுபட்டிருந்த பொறியாளர். 1930-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆராய்ச்சியில் இந்தத் தத்துவத்தை விளக்கி, 1932-இல் அதைத் தயாரிக்கும் நிறுவனத்தையும் தொடங்கினார். நம் பட்டறைகளில் ஸ்க்ரூ பம்பு என்றும், மோனோ பம்பு என்றும் வழங்குவது இதைத்தான்.

அதன் அமைப்பைச் சற்றே கிட்டத்தில் நின்று பாருங்கள். ஒற்றைப் புரியாக முறுக்கிய மினுமினுக்கும் எஃகுத் தண்டு ஒன்று. அதைச் சுற்றி, உட்புறத்தில் இரட்டைப் புரி வெட்டிய ரப்பர் உறை ஒன்று. தண்டு உறைக்குள் சுழலும்போது, இரண்டுக்கும் இடையே மூடிய அறைகள் உண்டாகி, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்ந்துகொண்டே போகின்றன. அந்த அறைக்குள் விழுந்த முழுத் திராட்சை, அறையோடு கூடவே பிரயாணம் செய்து, பெரும்பாலும் முழுத் திராட்சையாகவே வெளியே வருகிறது. பெரிய அளவிலான பம்பை நிமிஷத்துக்கு இருநூறு, முந்நூறு சுற்று என்று மெதுவாக ஓட்டினால் அதுவே கூழுக்கு உத்தமம். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இந்த யந்திரத்துக்குத் திரவமே எண்ணெய். திரவமின்றி வெறுமனே ஓடவிட்டால், மிகச் சிறிது நேரத்திலேயே ரப்பர் சூடேறிக் கருகி, விலையுயர்ந்த உறை வீணாகிவிடும்.

வெறுமனே ஓடினாலும் கெடாத பம்பு இல்லையா? இருக்கிறது. ஹோஸ் பம்பு என்று அதற்குப் பெயர். தடித்த ரப்பர்க் குழாய் ஒன்றை அரைவட்டமாய் வளைத்து வைத்து, உருளைகள் அதன்மேல் அழுத்தியபடியே உருண்டு செல்லும். பால் கறக்கிறவரின் விரல்கள் காம்பை மேலிருந்து கீழாக வருடி அழுத்துவதைப் போலத்தான் இதுவும். திரவம் குழாயின் உட்புறத்தைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. சீல் இல்லை, உள்ளே வால்வு இல்லை. முன்னும் பின்னுமாக எத்திசையிலும் இறைக்கலாம். விலை அதிகம், இடத்தை அடைத்துக்கொள்ளும், ஓட்டம் விட்டுவிட்டுத் துடிக்கும், அவ்வப்போது குழாயை மாற்ற வேண்டும். இத்தனை குறைகள் இருந்தும், வசதியுள்ள ஆலைகள் கூழுக்கும் வண்டலுக்கும் இதை விரும்பி வாங்குகின்றன. ஏன்? அது திரவத்தை மரியாதையாக நடத்துகிறது.

கூழ் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அத்துடன் வேலை முடிந்ததா? இனிமேல்தான் ஆரம்பம். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு, அதைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றத் தொடங்குகிறது. ஒரு லிட்டர் சாற்றில் இருநூறு கிராம் சர்க்கரை இருந்தால், அதிலிருந்து சுமார் ஐம்பது லிட்டர் கரியமில வாயு எழும்புகிறது என்றால் நம்புவீர்களா? அந்த வாயு தோல்களையெல்லாம் மேலே தூக்கிக்கொண்டு போய்க் கெட்டியான ஓர் அடையாக மிதக்கவிட்டுவிடும். செந்நிற ஒயினின் நிறமும் சாரமும் அந்தத் தோல்களில்தான் இருக்கின்றன. எனவே நாளொன்றுக்கு ஒரு முறையோ பல முறையோ அடியிலிருந்து சாற்றை எடுத்து மேலே அடையின்மீது சொரிந்து நனைக்க வேண்டும்.

இந்த வேலைக்கு எப்படிப்பட்ட பம்பு வேண்டும்? நுரைத்துப் பொங்கும் திரவத்தில் வாயுக் குமிழிகள் நிறைந்திருக்கின்றன. சென்ட்ரிபியூகல் பம்பில் அந்த வாயு இம்பெல்லரின் நடுக் கண்ணில் போய்த் தேங்கிக்கொள்ளும். ஏர் பிடித்துக்கொண்டது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதேதான். மோட்டார் ஓடும்; சத்தம் கேட்கும்; சாறு மட்டும் வராது. ஆகவே வாயுவையும் சேர்த்தே விழுங்கித் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும் சக்தியுள்ள பம்பே இங்கு தேவை. சிறிய ஆலைகளில் மிகுதியாகக் காணப்படுவது ரப்பர் இதழ்ப் பம்பு: மையம் விலகிய உருளைக் கூட்டுக்குள் மடங்கி நிமிரும் ரப்பர் இதழ்கள் சுழல்கின்றன, விலை குறைவு, தானே உறிஞ்சும், திசை மாற்றி ஓட்டலாம், இரண்டொரு விதை வந்தாலும் தாங்கும். ஆனால் இதையும் வெறுமனே ஓடவிடக் கூடாது. இதழ்கள் தேய்ந்து, கிழிந்து, துணுக்குகள் ஒயினோடு போய்விடும்.

இந்தக் கட்டத்தில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். நொதிக்கும் ஈஸ்டுக்கு ஆரம்ப நாட்களில் பிராணவாயு வேண்டும். அதனால் அடியிலிருந்து வரும் சாற்றைத் திறந்த தொட்டி ஒன்றில் சலசலவென்று விழவிட்டு, காற்றுப் படச் செய்து, பிறகு மேலே அனுப்புவதும் உண்டு. அன்றைக்குக் காற்று நண்பன். ஆனால் நொதித்து முடிந்த நாளிலிருந்து அதே காற்று பகைவனாகிவிடுகிறது. நிறம் பழுப்பேறும், மணம் மங்கும், காடியாக்கும் கிருமிகளுக்குக் கதவு திறந்துவிடும். இருபது டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் ஒயின் சுமார் எட்டு மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்துக்கொள்ள வல்லது. குளிர்ந்த ஒயின் அதைவிட அதிகமாகக் கரைத்துக்கொள்ளும். ஒரே ஆலையில், ஒரே தொட்டியில், சில வாரங்களுக்குள் நட்பும் பகையும் இடம் மாறிவிடுகின்றன. அப்படியிருக்க, ஒரே பம்பை வைத்துக்கொண்டு எல்லா வேலையும் செய்வேன் என்பது எப்படிப் பொருந்தும்?

காற்று எந்த வழியாக நுழைகிறது என்று தெரியுமா? பலரும் ஒயினை வெளியே தள்ளும் டெலிவரிப் பக்கத்துக் குழாயில் ஒழுகும் இணைப்பைத்தான் பார்த்துப் பதறுகிறார்கள். அங்கே ஒயின் சொட்டுகிறது, தரை நனைகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, உடனே இறுக்கிவிடலாம். ஆனால் உண்மையான ஆபத்து ஒயினை உறிஞ்சும் சக்ஷன் பக்கத்தில் இருக்கிறது. அங்கே குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைக் காட்டிலும் குறைந்து நிற்பதால், தளர்ந்த இணைப்பு ஒரு சொட்டைக்கூட வெளியே விடுவதில்லை. காற்றை உள்ளே இழுத்துக்கொண்டேயிருக்கிறது. தரை உலர்ந்திருக்கும், தொழிலாளி நிம்மதியாக இருப்பார், தொட்டி முழுவதும் ஒயின் கெட்டுக்கொண்டிருக்கும். குழாயின் வழியில் ஒரு சாண் கண்ணாடிக் குழல் பொருத்தியிருந்தால், அதில் ஓடும் மெல்லிய குமிழிகள் இந்தக் கள்ளத்தனத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஒயினை எடுக்கும் தொட்டிக்கு அருகிலேயே பம்பை வையுங்கள். சக்ஷன் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கட்டும். டெலிவரிக் குழாயின் வாய் மேலிருந்து கொட்டாமல், தொட்டியின் அடிவழியாகத் திரவத்துக்குள் அமிழ்ந்தே நிரப்பட்டும். தொட்டி காலியாகும் தருணத்தில் சுழி விழுந்து காற்றை இழுக்குமாதலால், வேகத்தைக் குறையுங்கள்.

அடுத்தது பீப்பாய். போர்தோவின் ஓக் மரப் பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும். அதில் ஒயின் மாதக்கணக்கில் ஓய்ந்திருக்க, கசடு அடியில் படிகிறது. சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தெளிந்ததை மட்டும் எடுத்து வேறு பீப்பாய்க்கு மாற்றுவது அங்கே தொன்றுதொட்டு வரும் வழக்கம். நிலவறையின் இருட்டில் தொழிலாளி ஒருவர் மெழுகுவர்த்திச் சுடருக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணத்தைப் பிடித்து, ஓடிவரும் ஒயினைப் பார்த்துக்கொண்டேயிருப்பார். சுடரின் குறுக்கே முதல் கலங்கல் தென்பட்ட அக்கணமே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். அந்த ஒரு கணத்துக்குக் கீழ்ப்படியாத பம்பு இங்கே பயன்படாது. ஆதலால்தான் பழங்காலத்தில் துருத்தியால் காற்றழுத்தம் கொடுத்தும், இக்காலத்தில் நைட்ரஜன் போன்ற வாயுவின் அழுத்தத்தைக் கொண்டும் ஒயினைப் பீப்பாயிலிருந்து மெல்ல வெளியேற்றுகிறார்கள். பம்புதான் வைக்க வேண்டுமென்றால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி பொருத்தி, ஊர்ந்து செல்லும் வேகத்தில் ஓட்டக்கூடியதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைசிக் கட்டம் வடிகட்டுதலும் புட்டியில் அடைத்தலும். தோல் போயிற்று, விதை போயிற்று, வாயு போயிற்று, கசடும் போயிற்று. இப்பொழுது நம் முன் நிற்பது தெளிந்த திரவம். இப்பொழுது வேண்டியது என்ன? சீரான, துடிப்பில்லாத அழுத்தம். வடிகட்டித் தாளின் இடுக்குகளில் நூறாயிரம் நுண்துகள்கள் சிக்கி நிற்கின்றன. பிஸ்டன் பம்போ டயாபிரம் பம்போ விட்டுவிட்டு உதைத்தால், அந்த ஒவ்வொரு உதையிலும் சிக்கிய துகள் நழுவி மறுபுறம் போய்விடும். இங்கேதான், முதலில் நாம் விலக்கிவைத்த சென்ட்ரிபியூகல் பம்பு தலைநிமிர்ந்து வருகிறது! அதன் ஓட்டம் சீரானது. வடிகட்டி அடைத்துக்கொண்டால், அழுத்தம் ஓர் எல்லைக்கு மேல் ஏறாமல் தானே தணிந்து நிற்கும். ஸ்க்ரூ பம்பும் பிஸ்டன் பம்பும் அப்படியல்ல. எதிரே வால்வு மூடியிருந்தால் அவை விடாமல் தள்ளும். ஹோஸ் வெடிக்கும், அல்லது இணைப்புத் தெறிக்கும். ஆகவே அவற்றுக்கு அழுத்தம் விடுக்கும் வால்வு கட்டாயம் வேண்டும். பாருங்கள், ஓரிடத்தில் குற்றவாளியாக நின்ற யந்திரம் இன்னோரிடத்தில் முதல் மரியாதை பெறுகிறது. நல்ல பம்பு, கெட்ட பம்பு என்று உலகத்தில் இல்லை. இடம் அறிந்து வைத்த பம்பும், இடம் அறியாமல் வைத்த பம்பும்தான் உண்டு.

எந்த உலோகத்தில் செய்த பம்பு என்பதும் அற்ப விஷயமன்று. ஒயின் அமில சுபாவமுடையது. கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தக டையாக்ஸைடு வேறு அதில் இருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து வார்ப்பிரும்பையும் பித்தளையையும் அரிக்கும். கரைந்த இரும்பும் செம்பும் ஓர் அளவுக்கு மேற்பட்டால், தெளிந்திருந்த ஒயின் புட்டிக்குள்ளேயே கலங்கிப்போகும். அதனால் திரவம் படும் பாகமெல்லாம் எவர்சில்வராகவும், ரப்பர் எல்லாம் உணவுக்கு உகந்த ரகமாகவும் இருக்க வேண்டும். கழுவுவதற்கு எளிதாய், கைக்கருவி அதிகமின்றிக் கழற்றி மாட்டக்கூடியதாய் இருக்க வேண்டும். நம் வீடுகளில் வழங்கும் பிளீச்சிங் பவுடரை அந்தப் பக்கமே கொண்டு போகக் கூடாது. குளோரின் எவர்சில்வரை அரிப்பதோடு, பூஞ்சையோடு சேர்ந்து ஒரு மக்கல் நாற்றத்தை உண்டாக்கி, ஆலை முழுவதையும் பாழாக்கிவிடும்.

இனி அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய மோட்டார் வேண்டும் என்ற ஆசை நம்மவர்களுக்கு இயல்பு. ஆனால் மணிக்கு ஐயாயிரம் லிட்டரைப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏற்றக் கணக்குப்படி தேவைப்படும் சக்தி கால் குதிரைசக்திக்கும் குறைவு. இழப்புகளையெல்லாம் சேர்த்தாலும் ஏறத்தாழ அரைக் குதிரைசக்தியில் முடிந்துவிடும். ஆதலால் மோட்டாரில் செலவிடும் பணத்தைக் குழாயின் அகலத்தில் செலவிடுங்கள். மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் ஓடும் இடத்தில் ஐம்பது மில்லிமீட்டர் ஹோஸ் போட்டால் ஒயின் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வேகத்தில் நடந்து போகும். அதையே இருபத்தைந்து மில்லிமீட்டராகக் குறைத்தால் ஐந்தரை மீட்டருக்கு மேல் விரைந்தோட நேரும். உராய்வோ ஏறத்தாழ முப்பது மடங்காகிவிடும். பம்பை மாற்றாமலேயே, ஹோஸை மட்டும் அகலப்படுத்தி ஒயினைக் காப்பாற்றலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பம்பே இல்லாமல் ஓர் ஆலையை நடத்த முடியாதா என்று உங்களில் யாரேனும் கேட்கலாம். முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் நாப்பா பள்ளத்தாக்கில் 1886-இல் ஹாம்டன் மக்கின்டயர் வடிவமைத்த எஷ்கோல் ஆலை, மூன்று மாடி மரக்கட்டடம். பழங்களை மேல்மாடிக்கு ஏற்றி நசுக்குவார்கள். சாறு தானே நடுத்தளத்துக்கு இறங்கி நொதிக்கும். பின்னர் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் பீப்பாயில் உறங்கும். போர்தோவின் சேன்-எஸ்தேஃப் கிராமத்தில் கோஸ் தெஸ்தூர்னெல் மாளிகையார் 2008-இல் திறந்த புதிய ஆலையிலோ, பம்புக்குப் பதிலாகத் தொட்டிகளையே மின்தூக்கியில் ஏற்றி இறக்குகிறார்கள்! திரவத்தை நோகாமல் நடத்துவதற்கு ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இவை சாட்சி. ஆனால் இத்தகைய மாடிக் கட்டடமும் மாளிகைச் செல்வமும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மகாராஷ்டிரத்து நாசிக்கைச் சுற்றியுள்ள ஆலைகளுக்கும், உலகின் எத்தனையோ சிற்றாலைகளுக்கும் பம்புதான் கதி. அவர்கள் அந்த இரண்டு ஆலைகளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டடத்தையன்று, கொள்கையை: ஒயினை எத்தனை முறை இறைக்கிறோமோ அத்தனை முறை அதற்குச் சேதம், ஆதலால் தவிர்க்கக்கூடிய இறைப்பைத் தவிர்த்துவிட்டு, தவிர்க்க முடியாததற்கு மட்டும் தகுந்த பம்பைத் தேடு.

பெருமக்களே! பம்பு வாங்க வருகிறவர் உங்கள் கடை வாசலில் வந்து நின்று, எத்தனை குதிரைசக்தி என்று கேட்டால், அவரை உட்கார வைத்து நீங்கள் திருப்பிக் கேளுங்கள். உங்கள் திரவத்தில் கட்டிப்பொருள் உண்டா? அதில் வாயு உண்டா? காற்றுப் பட்டால் கெடுமா? எதிரே வடிகட்டி இருக்கிறதா? தொட்டி வற்றினால் பம்பை நிறுத்த ஆள் இருப்பாரா? இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை வந்துவிட்டால், எந்தப் பம்பு என்பதும் அத்துடனே வந்துவிடும். திராட்சை ரசத்துக்கு மட்டுமா இது? பாலுக்கும், தக்காளிக் கூழுக்கும், மாம்பழச் சாற்றுக்கும் இதுவே நியாயம். தண்ணீரை இறைத்து நாட்டுக்குச் சோறு போட உதவிய இந்த ஊர், பொறுமையில்லாத திரவங்களையும் பக்குவமாய் நடத்தும் பம்புகளைச் செய்வதில் இன்னும் முன்னேற வேண்டும். அதற்கு வேண்டிய வார்ப்பும் கடைசலும் உங்கள் பட்டறைகளில் இருக்கின்றன. கைத்திறன் உங்கள் தொழிலாளரிடம் இருக்கிறது. திரவத்தின் குணத்தை முதலில் விசாரித்து, பிறகு யந்திரத்தை வரையும் வழக்கம் ஒன்றையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.